டிரினிடாடிலிருந்து வந்த ஹெட்மிஸ்ட்ரஸ்

சீனப் பாரம்பரிய நடனத்தின் கோட்டை பீஜிங் நடனக் கழகம். அந்தக் கோட்டையைக் கட்டிய கொத்தனார்களின் சொந்த ஊரை விசாரித்தால்தான் சிரிப்பு வருகிறது. சீனப் பல்கலைக்கழகங்கள் இப்போது ‘சர்வதேசமயமாக்கல்’ என்று கருத்தரங்கு போடுகின்றன. நடனத்தைப் பொறுத்தவரை, உள்ளூர்மயமாக்கல்தான் பாக்கி இருந்த வேலை.

முதல் குற்றவாளி அரண்மனையிலேயே இருந்தார். யூ ரோங்லிங், பாரிஸில் சீனத் தூதராக இருந்தவரின் மகள். பெண்களின் பாதங்களைக் கட்டி ஒடுக்கிய தேசத்திலிருந்து போனவர், வெறுங்காலோடு துள்ளிக் குதித்த இசடோரா டங்கனிடம் பாடம் கேட்டார். 1903-இல் திரும்பியதும் பேரரசி சிஷிக்குத் தோழியானார், அவர் முன்னால் ஆடியும் காட்டினார். சொந்தத் தங்கை மகனான சக்கரவர்த்தியையே வீட்டுக்காவலில் வைத்த அம்மையாருக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனது. சிஷியைத் திருப்திப்படுத்திவிட்டு முழுசாகத் திரும்புவது சாதாரண விஷயமா!

அடுத்து வந்தவர்தான் நம் கதாநாயகி. டாய் அய்லியன், 1916-இல் டிரினிடாடில் பிறந்த சீன வம்சாவளிப் பெண். லண்டனில் ஆன்டன் டோலினிடமும் மரி ராம்பெர்ட்டிடமும் பாலே பயின்றவர். ஜப்பான்காரன் சீனாமீது குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது எல்லாரும் ஊரைவிட்டு ஓடினார்கள். இவர் 1940-இல் ஊரைத் தேடி வந்தார். சீன மொழி தகராறு. அதனாலென்ன, ஒரு கார்ட்டூனிஸ்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு, எல்லைப்புற மலைகளில் திபெத்தியரும் யாவ் மக்களும் ஆடியதைக் கற்றுவந்து, 1946-இல் சோங்சிங் மேடையில் ஏற்றினார். ‘அட, நம்ம நாட்டில் இவ்வளவு ஆட்டம் இருக்கிறதா?’ என்று நகரவாசிகள் வாய் பிளந்தார்கள்.

1949-இல் புரட்சி வென்றது. அடுத்த வருடமே அம்மணி ‘சமாதானப் புறா’ என்ற பாலேயில் நுனிக்காலில் பறந்தார். தோழர்களின் விமர்சனம் புறாவைப் பற்றியே இல்லை. மேடை முழுக்கத் தொடைகள் ஓடுகின்றன, தொழிலாளி, விவசாயி, சிப்பாய் யாராலும் தாங்க முடியவில்லை என்று புலம்பினார்கள். புலம்பியவர்கள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது என் யூகம்.

சரி, சீனச் செவ்வியல் நடனத்தையாவது ஒரு சீனர் வகுத்திருக்கலாம் அல்லவா? அதற்கும் கொரியாவின் நட்சத்திரம் சொய் சுங் ஹீ வரவேண்டியிருந்தது. கொரியப் போர் விரட்டியதில் பீஜிங் வந்த அவர், 1951-இல் மத்திய நாடகக் கழகத்தில் வகுப்பெடுத்தார். பீஜிங் ஓபரா நடிகர்களின் கை வீச்சையும் சட்டைக்கை வீச்சையும் உற்றுப் பார்த்து, பயிற்சிப் பாடமாக அடுக்கினார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்த கதை.

1954-இல் பீஜிங் நடனப் பள்ளி பிறந்தது. டாய் அய்லியன் ஹெட்மிஸ்ட்ரஸ். பாடத்திட்டத்தோடு சோவியத் நிபுணர்களும் வந்திறங்கினார்கள். விளைவு: செவ்வியல் நடன மாணவிக்கு இடுப்புக்குக் கீழே ரஷ்யா, இடுப்புக்கு மேலே பீஜிங் ஓபரா. 1957-இல் கீழைநாட்டு நடனங்களுக்கும் ஒரு வகுப்பு தொடங்கி ஆசியாவையும் சேர்த்துக்கொண்டார்கள். சோவியத் நிபுணர்களில் ஒருவரான பியோத்தர் குசெவ் 1958-இல் ‘அன்னப் பொய்கை’யையே அரங்கேற்றினார். பள்ளிக்கு வயது நாலு! நம் வீட்டுப் பிள்ளை அந்த வயதில் ஷூ லேஸ் கட்டத் திணறும்.

1960-இல் மாஸ்கோவோடு மனஸ்தாபம். நிபுணர்கள் பெட்டி கட்டினார்கள், அன்னங்கள் அநாதையாயின. 1964-இல் அவற்றின் இறகைப் பிடுங்கிவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்: ‘செம்மகளிர் படை’. ஒத்திகைக்கு முன்னால் நடனமணிகளை ராணுவ முகாமுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். உடை? அரைக்கால் சட்டை. அதே தொடைகள்தான்; ஆனால் இம்முறை புரட்சித் தொடைகள் என்பதால் யாருக்கும் கண் கூசவில்லை. 1972-இல் நிக்சனையே உட்காரவைத்துக் காட்டினார்கள். நிலப்பிரபுக்களை ஒழிக்கும் கதையை அமெரிக்க ஜனாதிபதி கைதட்டி ரசித்தார். ராஜதந்திரம் என்றால் சும்மாவா.

1978-இல் பள்ளி, கல்லூரி அந்தஸ்துக்கு உயர்ந்து பீஜிங் நடனக் கழகமானது. மறுவருடம் ஹூஸ்டனிலிருந்து பென் ஸ்டீவன்சன் வந்து பாடம் நடத்தி, மாணவர்களை அமெரிக்காவுக்கு அழைத்தார். போனவர்களில் ஒருவர் லி சுன்சின். மாவோவின் மனைவி ஆதரித்த கலைப்பள்ளியில் புடம் போடப்பட்ட அந்தக் கிராமத்துப் பையன், 1981-இல் திரும்பி வரமாட்டேன் என்றார். சீனத் துணைத் தூதரகத்தில் அவரை அடைத்துவைக்க, வாஷிங்டன் வரை தலையிட்டுத்தான் வெளியே வந்தார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் முதல் செய்முறைத் தேர்வு இப்படி முடிந்தது.

எண்பதுகளில் ‘நம் செவ்வியல் நடனத்தில் பாலே வாடை அடிக்கிறதே’ என்று கழகத்து ஆசிரியர்கள் லி செங்யியும் டாங் மான்செங்கும் சீன உடலசைவுப் பாடம் ஒன்றை உருவாக்கினார்கள். வாடை ஓரளவு குறைந்தது. ஆனால் குவாங்டோங்கில் 1987-இலேயே அமெரிக்க ஆசிரியர்கள் நவீன நடனம் கற்பிக்க வந்துவிட்டார்கள். ஒரு ஜன்னலைச் சாத்தினால் மறு ஜன்னல்.

இப்போது பயணம் எதிர்த்திசை. 2012-இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில், பீஜிங் நடனக் கழகத்தின் கூட்டில், நடனத்துக்கென்றே ஒரு கன்பூசியஸ் நிறுவனம் திறந்தார்கள். பெயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கன்பூசியஸைப் புரட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவர் காலத்தில் எட்டு வரிசையாக நின்று ஆடும் ஆட்டம் சக்கரவர்த்திக்கு மட்டுமே உரியது. அதைத் தன் வீட்டு முற்றத்தில் ஆடவிட்ட பிரபுவை நினைத்து, இதையே பொறுத்தால் வேறு எதைத்தான் பொறுக்கமாட்டோம் என்று கொதித்தவர் அவர். லண்டனில் அவர் பெயரில் வெள்ளைக்கார மாணவர்கள் பட்டுக் கைக்குட்டையைச் சுழற்றினார்கள். வரிசையை யாரும் எண்ணவில்லை.