புரூனோ அப்பா

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது இப்போது ஆதார் அட்டையில் மட்டும்தான் புழக்கத்தில் இருக்கிறது. வாட்ச்மேன் முதல் மேல்வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் அவர் 'புரூனோ அப்பா'. சென்னையில் எந்த அப்பார்ட்மென்ட்டில் தேடினாலும் இப்படி ஒருவர் தேறுவார். ரிட்டயரானவர். "நாய் உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்று ஒரு காலத்தில் அறிக்கை விட்டவர். பெங்களூரில் வேலையாக இருந்த பையன் ஆசைப்பட்டு ஒரு ஹஸ்கி குட்டியை வாங்கினான். கனடாவுக்கு விசா வந்ததும், "ஆறு மாசம் பாத்துக்கோங்கப்பா" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். பையனுக்கு அங்கே பி.ஆர். கிடைத்துவிட்டது. புரூனோவுக்கு இங்கே.

பனியில் வண்டி இழுக்கப் பிறந்த இனத்தைக் கத்திரி வெயிலில் வளர்ப்பது பாவம் என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பாவம் பையன் கணக்கில் சேரவேண்டியது. அப்பா பரிகாரம் செய்துகொண்டிருக்கிறார்.

ராத்திரி பத்து மணிக்கு முன்னால் ஏ.சி. போட்டால் வீட்டில் விசாரணைக் கமிஷன் வைத்தவர் இவர். ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று மீட்டர் ரீடிங்கைக் காலண்டரில் எழுதிவந்தவர். இப்போது ஹாலில் காலை பதினோரு மணிக்கே 22 டிகிரி.

"நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காதும்மா. பாதத்துல மட்டும் கொஞ்சம். மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய விடணும்."

"எனக்கு உடம்பு பூரா வேர்க்குதுங்க" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். அடுப்படிப் பேச்சு அவர் காதில் விழுந்த சரித்திரம் கிடையாது.

வாரநாட்களில் வாக்கிங்கோடு சரி. அதுவும் வெயில் ஏறுவதற்குள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான். சனி, ஞாயிறு வந்தால்தான் மனிதர் முழுவேகத்தில் இறங்குவார். சனிக்கிழமை சீப்பு வைபவம். தன் தலைக்குச் சீப்பு தேவைப்படாமல் போய் வெகுகாலமான அவரிடம் நாலு தினுசுச் சீப்பு இருக்கிறது. உதிரும் முடியில் இன்னொரு புரூனோ செய்துவிடலாம். "மொட்டை போட்டுடுங்களேன் சார், வெயிலுக்கு நல்லது" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னால் தொலைந்தார். ஹஸ்கிக்கு ரோமம் இரண்டு அடுக்கு, அதை மழித்தால் வெயில் நேரே தோலில் இறங்கும் என்று அரை மணி நேரம் விரிவுரை.

பிறகு வேப்பேரி. 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வரிசையில் ஆடு, பூனை, கட்டுப்போட்ட கோழி நடுவே புரூனோ மடியில் உட்கார முயலும். பக்கத்தில் ஒரு ராஜபாளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மேலும் கீழும் பார்ப்பார்.

"இது வெயில் தாங்குமாண்ணே?"

"நானே தாங்கல. அது ஏ.சி.யில இருக்கு."

ஞாயிறு விடிகாலை காசிமேடு. மே மாதம் மீன் வாங்கப் போகிறவர் ஒன்று பணக்காரராக இருக்கவேண்டும், அல்லது புரூனோ அப்பாவாக இருக்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் வரத்து, அவர்கள் சொல்வதுதான் விலை. மனைவி ஒரு துண்டு வஞ்சிரம் கேட்டபோது, "மீன் குஞ்சு பொரிக்கிற சீசன்மா, பொறுப்பா இருக்கணும், ஜூன்ல பாத்துக்கலாம்" என்றவர், கூடையில் கிடந்த சங்கராவின் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்க்கிறார். வயிற்றை விரலால் அமுக்குகிறார். கண் பளிச்சென்று இருக்கிறதா என்று குனிந்து மீனோடு கண்ணுக்குக் கண் நோக்குகிறார்.

"இன்னா சார், ஊட்ல விசேஷமா?"

"நாய்க்கும்மா."

மீன்காரம்மாவின் கை தராசிலேயே நின்றுவிட்டது. "எம் புருசனுக்கே இத நான் கண்ணுல காட்டல சார்."

அவர் பேரம் பேசவில்லை. கொத்தமல்லிக் கட்டுக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிஷம் நிற்பவர், சொன்ன காசை எண்ணி வைத்தார். வழியில் காய்கறிக் கடையில் புரூனோவுக்கு மஞ்சள் பூசணியும் கேரட்டும். மனைவி எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்த சின்ன வெங்காயமும் திராட்சையும் மட்டும் வரவில்லை. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், திராட்சை கிட்னியைக் கெடுக்கும். கீழே ஒன்று உருண்டுவிட்டால்?

வீட்டுக்கு வந்ததும் உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் அவரே மீனை அவிப்பார். ஆறியதும் தரையில் சம்மணம் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எவர்சில்வர் தட்டில் சதையைப் பிட்டுப் பிட்டு முள் எடுப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சதையை நசுக்கித் தடவிப் பார்க்கும். தலைமயிர் கனத்தில் ஒரு முள் தட்டுப்பட்டால் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தட்டின் ஓரம் வைப்பார். மனைவி கதவில் சாய்ந்து நெடுநேரம் இதைப் பார்ப்பாள்.

"நம்ம புள்ளைக்கு ஒருநாளாவது இப்படி முள் எடுத்துக் குடுத்திருக்கீங்களா?"

"அவனுக்கு வாய் இருந்துச்சு, கேட்டிருக்கலாமே."

சாயங்காலம் டொரண்டோவிலிருந்து வீடியோ கால். முதலில் புரூனோவின் காது, பிறகு வயிறு, பிறகு அது தூங்கும் அழகு. எல்லாம் முடிந்தபின் பையன் கேட்டான்:

"சங்கரா சாப்பிட்டானா? சூப்பர்ப்பா. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அவர் வாய் திறக்குமுன் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"கருவாட்டுக் குழம்பு. வெங்காயம் போடாதது."