எங்கள் வீட்டில் எல்லாமே செகண்ட்ஸ்

கடலூர் மாவட்டம் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் மீன் விலை கேட்பார்கள். விருத்தாசலம் என்று சொன்னதும் பீங்கான் விலை கேட்பார்கள். இரண்டுக்கும் எங்களிடம் உருப்படியான பதில் கிடையாது. கடல் எங்களுக்குக் கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மீனுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு, ஐஸ் பெட்டியோடு வருகிற டிவிஎஸ் 50 வழியாகத்தான். கடல் தானாக எங்களைத் தேடி வந்தது 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயலாக. வந்தது வந்தபடி பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நாங்களும் அதை வா என்று கூப்பிடவில்லை. விருத்தாசலம் என்ற பெயரில் ஒருவர் கடலோரத்தில் பிறந்ததுண்டு. 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம். அவரும் புதுமைப்பித்தன் என்று பெயரை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

பீங்கான் விஷயம் இதைவிடச் சங்கடமானது. "ஒங்க ஊர்ல வீட்டுக்கு வீடு நல்ல நல்ல கப்பா வச்சிருப்பீங்க இல்ல?" என்று ஆசையோடு வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் அம்மா டீ கொண்டுவருவாள், எவர்சில்வர் டம்ளரில். விருந்தாளியின் முகம் சுருங்குவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக் கப்பைக் காட்டியிருந்தால் இன்னும் சுருங்கியிருக்கும்.

விருத்தாசலத்துக்காரன் வீட்டில் இருப்பதெல்லாம் செகண்ட்ஸ். நல்ல சரக்கு வைக்கோலுக்குள் புதைந்து லாரியேறிப் போய்விடும். பிடி கோணியது, விளிம்பில் ஊசித்துளை விழுந்தது, கிளேஸ் ஏறாமல் ஒரு பக்கம் மொட்டையாக நின்றது, இவையெல்லாம் சூளை வாசலில் ஒதுக்கப்பட்டு, வேலை செய்கிறவர்கள் கையோடு எங்கள் தெருக்களுக்குள் வந்து சேரும். எங்கள் வீட்டுக் கப்பு ஒன்றுக்குப் பிடியே கிடையாது. இன்னொன்றுக்குப் பிடி உண்டு, விரல் நுழையாது. ஊறுகாய் ஜாடிக்கு வேறொரு ஜாடியின் மூடி. அலமாரியில் தும்பிக்கை முனை இல்லாத பிள்ளையார் ஒருவர். அவரைப் பூசைக்கு வைக்கக்கூடாது, தூக்கிப் போடவும் கூடாது என்று ஆயா சொல்லிவிட்டதால் ரேஷன் கார்டுக்கு மேல் வெயிட்டாக வைக்கப்பட்டு, அந்தப் பதவியிலேயே நெடுங்காலம் இருந்தார்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் தொழிலே செகண்ட்ஸில் தொடங்கியதுதான். பக்கத்தில் நெய்வேலி. 1956-இல் நிறுவனம் வைத்து, பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டினார்கள். நிலக்கரி மேலாகவா இருக்கும்? அதற்கு மேலே மண் மண்ணாகக் கிடந்ததை வாரி எடுக்க வேண்டியிருந்தது. அதில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. கரிக்காரர்களுக்கு அது இடைஞ்சல், பீங்கான்காரர்களுக்கு மூலப்பொருள். தொழிற்பேட்டை வந்தது, சூளைகள் வந்தன, செராமிக் படிப்புக்கென்றே அரசு ஒரு டிப்ளமோ கல்லூரியையும் வைத்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டபோது ஆயா சொன்னது: "மண்ணுல வெளையாண்டான்னு அவன எத்தினி அடி அடிச்சிருப்பா அவன் ஆயி. இப்ப அதுக்கு கவுருமெண்டே சர்ட்டிபிகேட்டு குடுக்குது."

எங்கள் குடும்பத்தில் அந்த மண்ணில் கையை வைத்தவர் சித்தப்பா. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றையும் தண்ணீரோடு மில்லில் போட்டு அரைத்தால் கேழ்வரகுக் கூழைச் சலவைக்குப் போட்டு எடுத்தது மாதிரி வெள்ளையாக ஒன்று வரும். ஸ்லிப் என்பார்கள். அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றினால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போக, மண் அச்சின் சுவரில் தோலாகப் படியும். போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் எங்கள் பொம்மைகளுக்கு உள்ளே ஒன்றுமே இருக்காது. உள்ளூர் அரசியலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சித்தப்பா இந்தச் செய்முறையை முதலிலிருந்து விளக்குவார்.

அச்சிலிருந்து எடுத்த பொம்மையைக் காயவைத்து, பிசிறு சீவி, ஒரு தடவை சுட்டு, கிளேஸ் முக்கி, 1200 டிகிரிக்குப் பக்கத்தில் மறுபடி சுடுவார்கள். இதற்குள் உருப்படி பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஆகவே அச்சைப் பெரிதாகவே செய்ய வேண்டும். அச்சில் தொந்தியும் தொப்பையுமாகக் கிடந்த சிரிக்கும் புத்தர் சூளையிலிருந்து இளைத்து வருவார். எங்கள் ஊரில் உடம்பு குறைந்ததற்கு ஆதாரம் உள்ள ஒரே ஆள் அவர்தான்.

கண் எழுதுவது தனிக்கலை. பெரும்பாலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்வார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு வந்த ஆண் ஒருவர் தெருக்கூத்தும் ஆடுவார். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. நவராத்திரிக்கான பொம்மை வேலையும் அதே ஆடியில்தான் சூடு பிடிக்கும். விடிய விடிய துரியோதனன் வேஷம் கட்டி, முகத்தில் அரிதாரம் முழுசாகப் போகாமலே வந்து பொம்மைக்கு முன் உட்காருவார். அன்றைக்கு அவர் கையில் சிக்கிய சரஸ்வதிக்கெல்லாம் துரியோதனன் முழி விழுந்துவிடும். வீணையைக் கதை மாதிரிப் பிடித்துக்கொண்டு நம்மை முறைப்பாள். ஏவாரி ஒதுக்கிய அந்தச் சரஸ்வதிகளில் ஒருத்தி எங்கள் வீட்டில் பாடப்புத்தக அலமாரிக்கு மேல் இருந்தாள். நான் ஓரளவு படித்ததற்குப் பக்தியைவிடப் பயம்தான் காரணம்.

செகண்ட்ஸோடு வாழ்ந்து வாழ்ந்து ஊருக்கே ஒரு வியாதி வந்துவிட்டது. எதைக் கையில் எடுத்தாலும் தட்டிப் பார்ப்பது. விரிசல் இல்லாத பீங்கான் 'டங்' என்று பேசும். கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடு இருந்தால் 'டொக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். பீங்கானைத் தட்டிய விரல் சும்மா இருக்குமா? தேங்காய், தர்ப்பூசணி, பண்ருட்டிப் பலா, புதுக் கதவு, பானை, பையனின் மண்டை, எல்லாவற்றையும் தட்டும். துணிக்கடையில் பட்டுப்புடவையைத் தட்டிப் பார்த்த பெரியம்மா எங்கள் குடும்பத்தில் உண்டு.

இந்த வியாதியோடு சித்தப்பாவைச் சிதம்பரத்துக்குப் பெண் பார்க்க அழைத்துப் போயிருக்கக்கூடாது. மாப்பிள்ளை அவர் மகன்தான், வேறு வழியில்லை. அந்த வீட்டில் மரியாதையாக, பூப்போட்ட பீங்கான் கப்பில் காபி வந்தது. எல்லோரும் பெண்ணைப் பார்த்தோம். சித்தப்பா கப்பைப் பார்த்தார். முதலில் நகத்தால் ஒரு தட்டு. காபியோடு தட்டினால் சத்தம் சரியாக வராதென்று பாதியைக் குடித்துவிட்டு இன்னொரு தட்டு. பிறகு மிச்சக் காபியோடு கப்பை நெற்றிக்கு மேலே தூக்கி, அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். பெண்ணின் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

"என்னங்க சம்பந்தி, காபில ஏதாவது கெடக்கா?"

"காபியில ஒண்ணுமில்லீங்க. அடியப் பாக்குறன்."

கப்பின் அடி வளையத்தில் கிளேஸ் இருக்காது. இருந்தால் சூளையில் கிளேஸ் உருகி, வைத்த பலகையோடு கப்பு ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட்ட அந்த வளையத்தில்தான் மண்ணின் நிஜ நிறம் தெரியும். இதையெல்லாம் சித்தப்பா சபைக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத் தீர்ப்பும் வழங்கினார்: "வடக்கத்திச் சரக்கு. குர்ஜாவா இருக்கும். மண்ணு நல்ல மண்ணு. புடி ஒட்டுனவன் அவசரத்துல ஒட்டியிருக்கான்."

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று அம்மா முந்தானையை இழுத்துச் சொருகி எழுந்திருக்கப் பார்த்தாள். அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல்: "அத்த வாங்கியாந்தப்பவே சொன்னேன், புடி ஆடுதுன்னு. யாரு கேட்டா?"

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் எது வாங்கினாலும் கடைசித் தட்டு அந்த அண்ணியுடையதுதான். சித்தப்பாவே அவளிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

வெளியூர்க்காரர்கள் இதை எங்கள் குணக்கேடு என்பார்கள். எங்கள் ஊர்ப் புராணம் தெரியாதவர்கள். திருமுதுகுன்றம் என்று பழைய பெயருள்ள இந்த ஊரில் சுந்தரர் சிவனைப் பாடி 12,000 பொன் வாங்கினார். வழியில் களவு போய்விடுமே என்று அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை எல்லோருக்கும் தெரியும். இடையில் அவர் செய்த காரியம்தான் எங்களுக்கு முக்கியம். ஆற்றில் போடுவதற்கு முன்னால் மச்சம் என்று ஒரு துண்டைச் சாம்பிளுக்கு வெட்டிக் கையோடு வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு ஒப்பிட்டால், மாற்று குறைகிறது! கொடுத்தவர் சாட்சாத் பரமசிவன். சுந்தரர் விட்டாரா? மறுபடி பாடி, மாற்றைச் சரிபண்ணிய பிறகுதான் வாங்கினார். கடவுளே செகண்ட்ஸ் அனுப்பினாலும் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது பெரியபுராண காலத்திலிருந்து எங்களுக்கு வந்த அனுமதி. இன்றைக்கு அவர் பொன்னைப் போட்டால் திருவாரூர் வரை போகவே வேண்டாம். வருஷத்தில் பாதி நாள் மணிமுத்தாற்றில் போட்டது போட்ட இடத்திலேயே மணல்மேல் கிடக்கும்.

கூலிக் கணக்கும் அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. விபச்சித்து முனிவர் திருப்பணி செய்தபோது ஆட்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அது காசாக மாறுமாம். கோயிலுக்குள் வன்னி மரம் இப்போதும் நிற்கிறது. பீஸ் ரேட்டில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு இந்தக் கதைமேல் தீராத பிரியம். "அதுல சூப்பர்வைசரு கை வைக்க முடியாது பாத்தியா" என்பார். மாசி மகத்தில் முனிவருக்குச் சாமி காட்சி கொடுக்கும் ஆறாம் திருநாளன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கும்பிடுவார். அரைநாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் மெயின் போர்டைத் திறந்தால் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கும். கரண்டு போனால் வீட்டு ஆண்பிள்ளை ஸ்டூலின் மேல் ஏறி அதைப் பிடுங்கி, செம்புக் கம்பி சுற்றி, வீரன் பட்டம் வாங்குவார். எங்கள் சூளைகளில் அதுவும் வெந்தது. பிறகு பிளாஸ்டிக் சுவிட்சு வந்து அந்த வீரத்தையும் அந்த வியாபாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோனது. கப்புக்குக் குர்ஜா, டைல்ஸுக்கு மோர்பி, பொம்மைக்குச் சீனா. இப்போது கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குப் பொம்மை என்று சீசன் பார்த்து ஓடுகிறது பிழைப்பு.

பொம்மையில் எங்களால் பிடிக்க முடியாத சாமி ஒருவர் உண்டு. மேற்கே மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர். எங்கள் பக்கத்தில் தெருவில் நின்று "கொளஞ்சி" என்று கூப்பிட்டால் ஆணும் பெண்ணுமாக நாலு பேர் திரும்புவார்கள், அவ்வளவு செல்வாக்கு. ஆனால் சாமிக்கு முகம், கை, கால் கிடையாது. பலிபீட வடிவம்தான். கண் இல்லாத சாமிக்குக் கண் எழுதுவது எப்படி? அச்சுக்காரர்கள் எத்தனையோ தடவை யோசித்துக் கைவிட்டுவிட்டார்கள்.

அவர் வியாபாரத்துக்கு உதவாவிட்டாலும் வழக்குக்கு உதவுவார். அங்கே பிராது கட்டலாம். குறையைத் தாளில் எழுதி, சாமி முன் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சன்னதியில் வேலில் கட்டிவிட வேண்டும். 90 நாளைக்குள் தீர்ப்பு என்பது நம்பிக்கை. முனியப்பர்தான் எதிராளியைத் தேடிப் போகிறவர். அதனால் கோயிலிலிருந்து எதிராளியின் வீடு எவ்வளவு தூரமோ அதற்குத் தகுந்த படிக்காசும் கட்ட வேண்டும். காரியம் முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போய் ராஜினாமா எழுதிப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். கீழ்க்கோர்ட்டிலிருந்து மேல்க்கோர்ட்டு வரை எந்தக் கோர்ட்டிலும் இவ்வளவு தெளிவான நடைமுறை இல்லை என்று எங்கள் ஊர் வக்கீல் குமாஸ்தா ஒருவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆயா பிராது கட்டினது ஜாடிக்காக. வேறு மூடி போட்ட அந்த ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டம்மா இரவல் வாங்கிப்போய், கேட்டபோதெல்லாம் "இந்தா தரேன்" என்றாளே தவிர தரவில்லை. பிராது கட்டிய செய்தி எப்படியோ கசிந்து, அமாவாசைக்கு முன்னால் அந்தம்மா ஒரு ஜாடியோடு வந்து நின்றாள். பழையது உடைந்துபோச்சாம், கடையில் புதுசு வாங்கி வந்தாளாம். முதல் தரம். கோணல் இல்லை, துளை இல்லை, மூடி கச்சிதம். ஆயா தட்டினாள். 'டங்' என்றது. ஆயாவின் முகம் கறுத்துவிட்டது.

"இது எதுக்குடி எனக்கு? இதுல ஊறுகா போட்டா எவன் வூட்டு ஊறுகாயோன்னு இருக்கும்."

சித்தப்பா சமாதானம் பண்ணி, அடியைப் பார்த்து நம்ம ஊர் மண்தான் என்று உத்தரவாதம் கொடுத்து, ராஜினாமா எழுத ஆயாவைப் பஸ் ஏற்றி மணவாளநல்லூருக்கு அழைத்துப் போனார். எழுதி முடித்ததும் ஆயாவுக்கு அடுத்த வழக்கு ஞாபகம் வந்துவிட்டது. கொலுவுக்கென்று ஒரு செட்டு தசாவதாரத்தை ரயிலேற்றி வாங்கிக்கொண்டு இன்னும் பணம் அனுப்பாத மெட்ராஸ் சொந்தக்காரி. கையோடு அவள் பேரிலும் ஒரு பிராது கட்டிவிடலாம் என்று இன்னொரு தாள் கேட்டாள். எழுதிக் கொடுக்கிறவர் எதிராளி எந்த ஊர் என்று விசாரித்து, தூரத்தைக் கணக்குப் போட்டுப் படிக்காசு இவ்வளவு என்றார். ஆயா சுருக்குப்பையை மறுபடி இறுக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"முனியப்பர மெட்ராசுக்கு அனுப்புற காசுல செகண்ட்ஸ்ல ரெண்டு ஜாடியே வாங்கிடலாம். வா, பஸ்ஸு வந்துடும்."