யூன் மாதத்து ஆவணக் காவலர்கள்

யூன் 9 சர்வதேச ஆவணக் காப்பக தினம். 1948 இல் அந்தத் திகதியில்தான் சர்வதேச ஆவணக் காப்பகப் பேரவை பிறந்தது. எங்கள் நாட்டுப் பஞ்சாங்கத்தைக் கேட்டிருந்தால் வேறு மாதம் பார்த்துப் பிறந்திருக்கும். 1981 யூன் 1 விடிந்தபோது யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பல். இரண்டு அமைச்சர்கள் ஊரில் தங்கியிருக்க, பொலிஸாரும் சேர்ந்து கொளுத்தினார்கள். அதற்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை. 2007 யூன் 7 விடியற்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் படுத்திருந்த தமிழர் 376 பேரைப் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது.

இப்படிப்பட்ட மாதத்தில் ‘டிஜிட்டல் யுகத்தில் ஆவணம் காத்தல்’ என்று கொழும்பில் ஒரு மாநாடு வைத்தால் எப்படியிருக்கும் என்று சொல்ல சாத்திரம் தெரிய வேண்டியதில்லை. கழுத்தில் அட்டை, தோளில் துணிப்பை, மங்கள விளக்கு. பதாகையில் தமிழ் மூன்றாவதாக வரும், எழுத்துப் பிழையோடு வரும். ஒருவர் மீதரவு என்பார், ஒருவர் கிளவுட் என்பார். செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் வாசித்துவிடும் என்று மூன்றாமவர் ஆறுதல் சொல்வார். ‘ஆவணங்களுக்கு வரும் ஆபத்துகள்’ என்ற ஸ்லைட் கட்டாயம் உண்டு: ஈரம், கறையான், தீ. தீ என்றால் தானாகப் பற்றியது. வைத்தவர் பெயரைப் பதிய அவர்களின் மென்பொருளில் கட்டமே இல்லை.

அரசுக்கு ஆவணம் காக்கத் தெரியாது என்று முறைப்பாடு செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அபாண்டம். 1983 யூலையில் வெள்ளவத்தைக்கு வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த ஒழுங்கையில் எத்தனையாம் இலக்கம் தமிழ் வீடு, எல்லாம் வரிசையாக, பிழையில்லாமல். பக்கத்துச் சிங்கள வீட்டில் ஒரு பொறிகூடப் படாமல் நடுவீட்டை மட்டும் எரிக்க முடிந்ததென்றால், அது எப்பேர்ப்பட்ட அட்டவணை! தேடியவருக்குத் தேடியது நொடியில் கிடைப்பதுதானே ஆவணக் கலையின் உச்சம்? பிறகு யுத்த காலத்தில் பொலிஸ் பதிவு. வீட்டில் இருப்பவர் யார், எந்த ஊர், ஏன் வந்தார், எப்போது போவார் என்று எங்களைப் போல் பதியப்பட்ட சனம் இந்தத் தீவில் வேறில்லை. எங்களைப் பற்றி அவர்கள் எழுதியது ஒரு தாள் தவறவில்லை. நாங்கள் எழுதியதுதான் எரிந்தது.

2021 மே மாதம், நூலக எரிப்புக்குச் சரியாக 40 வருடம். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலே, புதுக்கடையில், சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு ஒரு ஸ்மார்ட் நூலகம் திறந்தார்கள். நினைவுக் கல்லில் சிங்களம், ஆங்கிலம், சீனம். தமிழைக் காணவில்லை. அரசியலமைப்பில் தமிழும் அரச கரும மொழி என்பது அரசுக்கே சட்டம் சொல்லிக்கொடுக்கும் திணைக்களத்தின் கண்ணில் படவில்லை. ஊர் ஏசிய பிறகு கல்லைக் கழற்றினார்கள். 1981 இல் ஒரு நூலகத்தை எரிக்க ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது. இப்போது ஒரு கல் போதும். தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது என்று மாநாட்டில் சொல்வது பொய்யில்லை.

நம்மவர் மட்டும் திறமா? வெள்ளவத்தை மாடிவீட்டில் தாத்தா செத்தால் பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்து வந்து முப்பத்தொன்று முடித்து, கல்வெட்டுப் புத்தகம் அடித்து, வீட்டு உறுதியைப் பத்திரமாகப் பையில் வைப்பார்கள். தாத்தாவின் நாட்குறிப்பு, சங்கக் கூட்ட அறிக்கை, 1950களின் பத்திரிகைக் கட்டு எல்லாம் ‘போத்தல், பத்தர’ என்று கூவி வருபவரின் தராசுக்கு. அதில் ஒரு தாள் பின்னேரம் காலிமுகத்திடலில் கச்சான் சுற்றிக்கொண்டு நிற்கும். கொட்டாஞ்சேனை அச்சகக் கணினியில் பாமினி எழுத்துருவில் கோத்த மலர்களின் கதி இன்னும் மோசம். திறக்கும் மென்பொருளும் இல்லை, பிளொப்பி நுழைய ஓட்டையும் இல்லை. கச்சானுக்குக்கூட உதவாது.

இவ்வளவுக்கும் நடுவில் 2005 இல் சில தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, மற்றவர் எறியும் நினைவு மலரையும் கல்வெட்டையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் செய்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆவணம் காக்கவென்றே இருக்கும் அரச திணைக்களம் செய்யவேண்டிய வேலைக்குச் சம்பளம் திணைக்களத்தில், வேலை இவர்களிடம்.

அடுத்த மாநாட்டு முதன்மை உரைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. 1983 இல் அந்த இடாப்பைக் கும்பலிடம் எடுத்துக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். விரைவாகத் தேடி எடுப்பது எப்படி என்று அவரை விட அனுபவம் உள்ளவர் யார்? பொன்னாடை நான் வாங்கித் தருகிறேன். கேள்வி நேரத்தில் எழும்பி ஒன்றுதான் கேட்பேன்: ஐயா, அந்தப் பிரதி இப்போது எந்த இறாக்கையில், என்ன இலக்கத்தில் இருக்கிறது? அதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஒலிவாங்கியைப் பறித்து, நேரம் போய்விட்டது, புரியாணி ஆறுகிறது என்பார். சபையும் எழும்பிவிடும்.