தெரியாதுன்னு சொல்ல ஒரு பட்டம்

எலே மக்கா, இங்கன வந்து திண்ணையில உக்காரு. செல்போனைக் கவுத்து வையி. நேத்துலேருந்து நீயும் ஒங்கூட்டாளியும் தொண்டை கிழியக் கத்துதியளே, என்னதாம்ல சங்கதி?

அவன் நாத்திகனாம். நீ அது இல்லையாம், அக்னாஸ்டிக்காம். கேட்டா, "இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது தாத்தா, அதுதான் நேர்மை"ங்க. இம்புட்டுதானா? இதை நம்மூருக் கெழவிக "யாரு கண்டா"ன்னு சொல்லிட்டு வெத்தலைய இடிக்கப் போயிருவாளுகளே. அதுக்கு ஒரு பட்டம் வேணுமால?

சரி, ரெண்டு கேள்வி கேக்கேன். சாமி உண்டுன்னு நம்புதியா? இது ஒண்ணு. உண்டா இல்லையான்னு ஒனக்குத் தெரியுமா? இது வேற. நீ என்ன பண்ணுத? மொதக் கேள்விக்கு ரெண்டாவதோட பதிலைச் சொல்லுத. சாப்ட்டியாலன்னு கேட்டா அரிசி வெலையச் சொல்லுத மாதிரி. நம்பலைன்னா நீ நாத்திகன். தெரியலைன்னா அக்னாஸ்டிக்கு. ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு எவம்ல சொன்னான்? நம்பிக்கிட்டே தெரியாதுன்னு சொல்லுதவுகளும் உண்டு. ஒங்க ஆச்சி அந்த ரகம். வெள்ளிக்கெழம தவறாம வெளக்கேத்துவா. சாமி இருக்காரான்னு கேட்டுப் பாரு. "யாரு கண்டா, அந்த எண்ணெயத் தா"ம்பா.

அந்தப் பேரை 1869-ல உண்டாக்குனவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுக்காக மல்லுக்கு நின்ன மனுசன். லண்டன்ல மெட்டாபிசிகல் சொசைட்டின்னு ஒரு சபை. ஆளாளுக்கு ஒரு கொள்கைப் பேரோட வந்து உக்காந்திருக்காக. இவருக்கு மட்டும் மாட்டிக்க ஒண்ணும் இல்ல. வாலறுந்த நரி கணக்கா கூச்சமா இருந்துச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. சரின்னு சொந்தமா ஒரு வால் செஞ்சு கட்டிக்கிட்டாரு. ஆனா ஒண்ணு, அவரு அதைப் படுத்துத் தூங்கப் பாயா விரிக்கல. ஆதாரம் கூட்டிட்டுப் போற மட்டும் போ, அதுக்கு மேல தெரிஞ்ச மாதிரி நடிக்காதன்னாரு. நீ எம்புட்டு தூரம்ல போன? அரை மணி நேர வீடியோ. அதுலயும் பாதியில தூங்கிட்ட.

நழுவுத ஆளுக இன்னைக்கு நேத்தா இருக்காக? புத்தர் காலத்துலயே சஞ்சய பேலட்டிபுத்தன்னு ஒருத்தர். மறுமை உண்டான்னா, உண்டுங்கல, இல்லைங்கல, ரெண்டும்ங்கல, ரெண்டும் இல்லைன்னும் சொல்லல. பௌத்த நூல்ல இந்த வகைப் பேச்சுக்கு விலாங்கு நெளிவுன்னே பேரு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுத அதே விலாங்குதான்.

ஒன் விலாங்குத்தனத்தை நான் பாக்கலைன்னு நெனச்சியா? புது பைக்கு எடுத்தியே, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சது ஒங்கம்மா. சரி. ஏத்துனது யாருல? பொண்ணு பாக்கக் குடுத்த ஜாதகத் தாள்ல குலதெய்வம்னு ஒரு எடம் இருக்கே, அங்கன "தெரியாது"ன்னா எழுதியிருக்க? சாஸ்தா பேரு கொட்டை எழுத்துல கெடக்கு.

ரஸ்ஸல்னு ஒரு வெள்ளக்காரரு, கணக்கும் தத்துவமும் கரைச்சுக் குடிச்சவரு. 1947-ல ஒரு சின்னப் புத்தகத்துல இதே கேள்விய எடுத்துக்கிட்டாரு. தத்துவம் படிச்சவுக கேட்டா அக்னாஸ்டிக்கும்பேன், ஏன்னா இல்லைன்னு நிரூபிக்க வழி கெடையாது. தெருவுல போறவன் கேட்டா நாத்திகன்பேன், ஏன்னா கிரேக்கத்துச் சாமி ஜீயஸைக் கூடத்தான் இல்லைன்னு நிரூபிக்க முடியாது, அதுக்காக யாரும் அவரு விசயத்துல தயங்கிக்கிட்டா இருக்கோம்? இதுதான் அவரு ஞாயம். மனுசன் கெட்டிக்காரன். ஓடைக்கரைப் புளியமரத்துல முனி இருக்குன்னு ஊரே சொல்லுது. ராத்திரி நீ அந்த வழியாத்தான வார? முனி விசயத்துல இன்னும் முடிவெடுக்கலைன்னு வண்டிய நிறுத்தி யோசிக்கியா? வேகத்தைக் கூட்டுதேன்னு கேள்விப்பட்டேன். அது வேற.

ஒங்கூட்டாளி சிரிக்கான் பாரு. எலே, ஒனக்கும் இருக்கு.

நூத்துக்கு நூறு இல்லைங்கியே, எந்தச் சாமி இல்லன்னு கேக்கேன். மூணு நாள்ல மழை கொண்டாருதேன்னு ஒருத்தன் யாகம் வளத்தா, நாலாம் நாள் வானத்தப் பாரு. அதுல அடிச்சுச் சொல்லலாம். ஒலகத்தை உண்டாக்கிட்டு ஒண்ணுலயும் தலையிடாம ஒதுங்கி இருக்கவரை எதை வச்சுல சோதிப்ப? மணிமேகலையில ஒரு பூதவாதி வாரான். கண்ணால காங்கது மட்டுந்தான் மெய், ஊகமெல்லாம் செல்லாதுங்கான். அப்ப ஒன் தாய் தகப்பனை எதை வச்சுய்யா அறிஞ்சன்னு மணிமேகலைப் பிள்ள கேட்டா பாரு. நீ சொல்லு, பதில் இருக்கா?

ஒங்க பெரிய வாத்தியாரு டாக்கின்ஸே ஏழுக்கு ஏழு போட்டுக்கிடல. 2006-ல வந்த புத்தகத்துல ஏழு படி வச்சாரு. ஒண்ணு, சாமி நிச்சயம் உண்டு. ஏழு, நிச்சயம் இல்ல. தனக்கு ஆறுன்னாரு, ஏழுப் பக்கம் சாஞ்ச ஆறு. 2009 சனவரியில பிரிட்டன்ல 800 பஸ்ஸுல விளம்பரம் ஒட்டுனாக. கடவுள் அனேகமா இல்ல, கவலைய விட்டுட்டு வாழ்க்கைய அனுபவிங்கன்னு. அனேகமாவாம்! பஸ்ஸு மேல எழுதுதவன் கூட அளந்து எழுதுதான். அதுக்கும் ஆதாரம் எங்கன்னு புகார் போச்சு. விளம்பரத்தைக் கவனிக்க அமைப்பு, இது அவுக கருத்து, நிரூபிக்கச் சொல்ல முடியாதுன்னு தள்ளிருச்சு.

கடவுள் இல்லைன்னு பெரியாரு மூணு தடவ அடிச்சுச் சொல்லலையான்னு கேப்ப. சொன்னாரு. அவரு ஆகாயத்தப் பாத்தா சொன்னாரு? தெருவப் பாத்துல்லா சொன்னாரு. 1924-ல வைக்கத்துல கோயிலைச் சுத்தின ரோட்டுல நாயும் மாடும் போலாம், ஒடுக்கப்பட்ட சாதி மனுசன் போகக் கூடாதுன்னு வச்சிருந்தாக. அதுக்காக ரெண்டு தடவ செயிலுக்குப் போனாரு. அந்த ஆளு அழுத்திச் சொன்னா அதுல ஒரு வேலை நடந்துச்சு. நீ யாருகிட்டல அழுத்துத? ஏசி ரூமுல உக்காந்து ஒங்க ஆச்சி வெளக்க அணைக்கச் சொல்லுத. கரண்டு மிச்சமாகும்னு நெனச்சியா?

போட்டும். இந்தப் பங்குனி உத்திரத்துக்கு நம்ம சாஸ்தா கோயிலுக்கு வேன் பேசியாச்சு. ரெண்டு பேரும் வாரிய. நம்புதவுக பொங்கலு வைக்கட்டும், தெரியாதவன் தண்ணி கோரு, இல்லைங்கவன் வெறகு பொறக்கு. பந்தி எல்லாருக்கும் ஒரே பந்திதான். வரி தலைக்கு ஐநூறு ரூவா. வசூலுக்கு வாரவங்கிட்ட அனேகமா தாரேம்னு சொல்லிராத. அவன் சோதிச்சுப் பாத்துருவான்.