அஞ்சு பேரும் அரிச்சல்முனையும்

சனி, ஞாயிறு ரெண்டே நாள்ல ராமேஸ்வரத்தைப் பாத்து முடிச்சிடுவீங்களாமே அப்பு? உங்க அப்பன் போன்ல சொன்னான். தாராளமா முடிக்கலாம். சேதுவைக் கட்டி, இலங்கைக்குப் போயி, சண்டையையும் முடிச்சிட்டுத் திரும்பி வந்தவருக்கே அது ஒரு வழித்தங்கல்தான். என்ன ஒண்ணு, அவருக்குத் திங்கட்கிழமை காலையில மீட்டிங் கிடையாது.

நீ அனுப்பின பட்டியலை எதிர்வீட்டுப் புள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம், 6 மணிக்கு அக்னி தீர்த்தம், 7 மணிக்கு 22 தீர்த்தம், 9 மணிக்கு இட்லி. இட்லிக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க பாரு, அங்கதான் நீ நம்ம வம்சம்னு தெரியுது. ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில கிளம்பி, விடிய விடிய வண்டியில பேசிச் சிரிச்சுட்டு வர்ற அஞ்சு பேரு, காலையில 5 மணிக்குச் சன்னதியில நிப்பீங்கன்னு யாருகிட்டடா கதை விடுற? இங்க பொங்கலுக்கு வந்தவன், பானை பொங்கி ஆறின பிறகு எந்திரிச்சு வந்து, "என்ன, ஆரம்பிக்கலாமா"ன்னு கேட்டவன்தானே நீ.

அஞ்சு பேருன்னா அதுல கணக்குப்பிள்ளை ஒருத்தன் இருப்பான். குடிச்ச டீயோட பங்கை, கிளாஸைக் கீழ வைக்கிறதுக்குள்ள எல்லாருக்கும் போன்ல அனுப்பிடுவான். படம் எடுக்கிறவன் ஒருத்தன். தூங்குறவன் ஒருத்தன். அப்புறம், "எனக்கு எதுனாலும் ஓகே"ன்னு சொல்றான் பாரு, அவன்கிட்டதான் சாக்கிரதையா இருக்கணும். எந்த ஓட்டலுக்குப் போனாலும் இலையைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்கிறவன் அவன்தான். அஞ்சாவது ஆளு நீ. உன்னைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. மத்த நாலு பேரு வீட்டுலயும் ஒரு கிழவன் இருப்பான், அவன் சொல்லட்டும்.

பாம்பன் பாலத்துல வண்டியை நிறுத்தாதேன்னா கேக்கப் போறியா? நிறுத்துவீங்க. 1988-ல அந்த ரோட்டுப் பாலத்தைத் திறந்த நாள்லேர்ந்து, நிறுத்தாமப் போனவன் எவன்? போலீஸ்காரர் விசில் ஊதுற வரைக்கும் எட்டிப் பாத்துக்கங்க. கீழ ரயில் பாலம் இருக்கு. 1914-ல திறந்த பழசைக் கப்பலுக்கு வழிவிடத் திறக்கணும்னா, அப்பெல்லாம் ஆளுங்க நெம்புகோலைப் பிடிச்சுச் சுத்தித்தான் திறப்பாங்க. புதுப்பாலம் 2025 ஏப்ரல்ல வந்தது. 72 மீட்டருக்கு மேல நீளமுள்ள நடுத்துண்டு, மோட்டார் போட்டதும் நிமிந்தாப்புல 17 மீட்டர் உசரம் மேலே போகுது. காத்து பலமா அடிச்சா இன்னிக்கும் ரயிலை நிறுத்தி வைக்கிறாங்க. எத்தனை கோடி கொட்டிக் கட்டினாலும் அந்தக் கால்வாய்ல காத்துகிட்ட உத்தரவு வாங்கித்தான் போகணும். நீ உத்தரவு வாங்குற ஆளா? தலையில தொப்பியை மட்டும் போடாதே. அது உனக்கு முன்னால மன்னார் போய்ச் சேந்துடும்.

கோயிலைப் பத்திச் சொல்றேன், கவனமாக் கேளு. உள்ள செல்போன் கிடையாது, வாசல்லயே வாங்கி வச்சிடுவாங்க. அஞ்சு பேரும் பெத்த தாயைப் பிரிஞ்சாப்புல நிப்பீங்க. முதல்ல அக்னி தீர்த்தம்னு சொல்ற கடல்ல முங்கிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே போயி, கிணறு கிணறா 22 தீர்த்தமும் ஆடணும். வாளிக்காரர் கிணத்து மேட்டுல நின்னு இறைச்சு ஊத்துவார். உங்கள்ல எவன் தலைக்கு ஜெல் தடவியிருக்கானோ அவனை முதல்ல முன்னால விடு. ஒவ்வொரு கிணத்துத் தண்ணியும் ஒவ்வொரு ருசி, கடலை ஒட்டி இருந்தும் உப்புக் கரிக்காது. எல்லாம் முடிச்சாலும் ஈரத்துணியோட சன்னதிக்குள்ள விடமாட்டாங்க. மாத்துத்துணி வண்டியில இருக்கும். வண்டிச் சாவி ஓகேக்காரன் இடுப்புல இருக்கும். ஓகேக்காரன் நாலாவது தீர்த்தத்துலயே காணாமப் போயிருப்பான். கூப்பிட்டுப் பாக்கக் கையில போனும் கிடையாது. வேற வழியில்லாம மூணாம் பிரகாரத்துல அவனைத் தேடி ஒரு சுத்து சுத்துவீங்க பாரு, அப்பத்தான் சேதுபதி மகாராசாக்கள் கட்டி வச்ச 1212 தூணும் உங்க கண்ணுல படும். அவனைச் சீக்கிரம் கண்டுபிடிச்சிடாதீங்க.

வெளியில வந்ததும், தொட்டியில மிதக்கிற கல்லைக் காட்டுவான் ஒருத்தன். பாரு, கும்பிடு, நடையைக் கட்டு. வலம்புரிச் சங்குன்னு இன்னொருத்தன் காதுல வந்து கிசுகிசுப்பான். நெசமான வலம்புரி கிடைச்சவன் ரோட்டோரத்துல நின்னு உனக்காகவா காத்துக்கிட்டிருப்பான்? பேய்க்கரும்புல கலாம் ஐயா நினைவிடம் இருக்கு, சத்தம் போடாமப் போயிட்டு வாங்க. ஓடுற ரயில்லேர்ந்து வீசுற பேப்பர் கட்டைப் பொறுக்கி வீடு வீடாப் போட்டு, சின்ன வயசுலயே நாலு காசு சம்பாதிச்ச புள்ளை அவர். உனக்குப் பேப்பரும் போன்லயே வருது, காசும் உங்க அப்பன் போன்லயே வருது.

தனுஷ்கோடிக்கு வருவோம். அரிச்சல்முனை வரைக்கும் இப்ப தார் ரோடு, 2017-லதான் திறந்தாங்க. அதுக்கு முன்னால முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சிடும். அங்கேருந்து மீன்காரங்க வேன்ல ஏறி, மணல்லயும் தண்ணியிலயும் குலுங்கிக் குலுங்கிப் போயிச் சேந்தா, போனவனுக்கு இடுப்பு எலும்பு எத்தனைன்னு எண்ணத் தெரிஞ்சிருக்கும். இப்ப ஏசியைப் போட்டுக்கிட்டு, கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, நீ காத்தைப் பாக்கப் போற.

நான் டவுசர் போட்ட காலத்துல பரமக்குடி ஸ்டேஷன்ல நின்னு போட் மெயிலைப் பாத்திருக்கேன். எழும்பூர்ல ஏறினவன் தனுஷ்கோடியில இறங்கி, கப்பலேறித் தலைமன்னார்ல ரயில் பிடிச்சுக் கொழும்புக்குப் போவான். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல எல்லாம் போச்சு. பாம்பன்லேர்ந்து போன பாசஞ்சர் ரயில் ஊருக்குக் கிட்டக்க சிக்னல் இல்லாம நின்னிருக்கு, அலை வந்து மூடிருச்சு. நூறு பேருக்கு மேல இருந்த வண்டியில ஒரு உசிரு தப்பலை. இதைச் சொன்னா, "அந்த நேரத்துல ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்துல மாட்டிக்கிட்டாங்களாமே"ன்னுதான் எவனும் முதல்ல கேப்பான். நீயும் கேப்ப. நம்ம சனத்தோட லட்சணம் அது. இடிஞ்ச மாதா கோயில் சுவத்துல சாஞ்சு, கல்யாணம் ஆகப்போற சோடிங்க படம் எடுத்துக்கிட்டு நிக்கும். அவங்களுக்குப் பின்னால ஓலைக் குடிசையில இன்னும் சனம் இருக்கு. மணலைக் கையால தோண்டி, ஊறுற நல்ல தண்ணியை மோந்து குடிக்கிற சனம். அவங்ககிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு, பொரிச்ச மீனை வாங்கித் தின்னு. விலையை முதல்லயே கேட்டுக்க. ஏப்ரல் நடுவுலேர்ந்து ஜூன் நடு வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பப் போனா மீனுக்கு மவுசு சாஸ்தி.

முனையில நின்னா ரெண்டு பக்கமும் கடல். வடக்கால பெண்கடல், தெக்கால ஆண்கடல். ஆடி மாசம் சோழகக் காத்துல போனா ஆண்கடல் சீறிக்கிட்டு வரும், இந்தப் பக்கம் குளம் மாதிரி கெடக்கும். கார்த்திகை, மார்கழி வாடையில போனா ஆம்பளை அடங்கிக் கெடப்பான், பொம்பளை ஆடுவா. நம்ம வீட்டு நடப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, உங்க அப்பத்தா பக்கத்துலதான் உக்காந்திருக்கா. எது அமைதியாத் தெரிஞ்சாலும் முனையில மட்டும் இறங்கிடாதே. மேல சிரிச்சுக்கிட்டே கீழ இழுக்கிற தண்ணி அது. எத்தனையோ பேரை இழுத்திருக்கு, அதான் போர்டு போட்டு வச்சிருக்காங்க. பொழுது சாயறதுக்குள்ள போலீஸ்காரங்களும் விரட்டி விட்டுடுவாங்க. சில நேரம் இலங்கை டவர் எட்டிப் பிடிச்சு, வெளிநாட்டுக்கு வந்துட்டீங்கன்னு உன் போனுக்குச் சேதி வரும். உடனே அதைப் படம் பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பு. பாஸ்போர்ட் இல்லாம ஃபாரின் போன முதல் ஆளு நம்ம குடும்பத்துல நீதான்.

இதெல்லாம் போன்ல சொன்னா உன் மண்டையில நிக்குமா? எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் இறங்கிக் கால் நனைக்கலாம், எந்தக் குடிசையில மீன் பழசு, எந்த ஆளு சங்குல ஏமாத்துறான்னு விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். பரமக்குடியைத் தாண்டித்தானே போறீங்க? வண்டியில ஏழு பேர் உக்காரலாம்னும் உங்க அப்பன் வாய் தவறிச் சொல்லிட்டான். ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, வெத்தலைப் பெட்டி, அவ்வளவுதான் என் சாமான். முழங்கால் மடங்காது, அதனால முன் சீட்டுதான் தோது. படம் எடுக்கிறவனைப் பின்னால தள்ளிடு, அங்கேருந்தும் கடல் தெரியும். பாட்டுப் பெட்டிச் சாவி என்கிட்ட இருக்கட்டும். மீன் வாங்கினா தலை எனக்கு. அந்தக் கணக்குப்பிள்ளைகிட்ட மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வச்சிடு அப்பு: பங்கை அஞ்சாலதான் வகுக்கணும், ஆறால இல்லை.