நரிக்குக் கோழித்தலை விருந்து

1978 அக்டோபரில் சுவிட்சர்லாந்தில் நரிகளுக்குக் கோழித்தலை பரிமாறினார்கள். அரசாங்கச் செலவில், நரி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய், இலை மறைவில் வைத்து. அதற்கு முந்தைய பத்து வருடமாக அதே நரிகளைத் துப்பாக்கியோடும் விஷவாயுவோடும் துரத்திக்கொண்டிருந்தவர்கள்தான் இவர்கள். திடீரென்று ஏன் இந்த மாப்பிள்ளை மரியாதை என்றால், கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே எடுக்க வேண்டும்.

வெறிநாய்க்கடிக்கு, அதாவது ரேபிஸுக்கு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்த பெரிய வைத்தியர் புனித ஹூபர்ட். எட்டாம் நூற்றாண்டிலேயே செத்துப்போன பிஷப். ஆனாலும் பிராக்டீஸ் குறையவில்லை. அவர் பெயரால் ஓர் இரும்புச் சாவி உண்டு. அதைப் பழுக்கக் காய்ச்சிக் கடிவாயில் அழுத்துவார்கள். கடித்த கையோடு சுட்டால் கொஞ்சம் கிருமி கருகியிருக்கும்தான், ஆகவே முழு மோசடி என்று தள்ளவும் முடியாது. யாரையும் கடிக்காத அப்பாவி நாய்களுக்குக்கூட முன்ஜாக்கிரதையாக ஒரு சூடு போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வேட்டைக்காரர்களின் காவல் தெய்வமும் இதே ஹூபர்ட்தான். ஒரே ஆளிடம் இரண்டு இலாகா. பிற்காலத்தில் அந்த இரண்டும் முட்டிக்கொண்டன.

1885இல் பாஸ்டர் தடுப்பூசியோடு வந்தார். நாய்களுக்கு வாய்க்கூடு, லைசென்ஸ், பிறகு ஊசி என்று படிப்படியாக மேற்கு ஐரோப்பா நாய்வழி ரேபிஸை ஒழித்துக்கட்டியது. அப்பாடா என்று உட்காரப்போன நேரத்தில் வைரஸ் வண்டி மாறி ஏறிவிட்டது. 1940 வாக்கில், போலந்தின் கிழக்குப் பக்கத்தில், நாயைவிட்டு நரிக்கு. மனிதர்கள் அப்போது ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்கள். நரிக்கு என்ன நோய் என்று பார்க்க யாருக்கு நேரம்?

நரி மேற்கே நடந்தது. வருடத்துக்கு இருபதிலிருந்து அறுபது கிலோமீட்டர். ஒரே நரி அல்ல. ஒன்று இன்னொன்றைக் கடித்து, அது அடுத்ததைக் கடித்து, அஞ்சலோட்டம். வல்லரசுகள் ஐரோப்பாவின் நடுவே முள்வேலி கட்டி மனிதர்களை நிறுத்திவைத்த காலத்தில், ரேபிஸ் விசா கேட்காமல் தாண்டியது. 1966இல் பெல்ஜியம், 1967இல் சுவிட்சர்லாந்து, 1968இல் பிரான்ஸ். வெறி பிடித்த நரிக்குப் பயம் போய்விடும். பட்டப்பகலில் மேய்ச்சல் நிலத்துக்கு வந்து மாட்டைக் கடிக்கும். மாடு போனால் விவசாயி சும்மா இருப்பாரா?

அரசாங்கங்கள் செய்தது, அரசாங்கங்களுக்கு எப்போதும் முதலில் தோன்றுவது: கொல். சுட்டார்கள், பொறி வைத்தார்கள், பல இடங்களில் சன்மானம் கொடுத்தார்கள், வளைக்குள் விஷவாயு அடித்தார்கள். கணக்கு எளிமையாகத்தான் இருந்தது. நரி குறைந்தால் கடி குறையும், கடி குறைந்தால் நோய் சாகும். கணக்கில் தப்பே இல்லை. நரியிடம்தான் யாரும் கேட்கவில்லை. பாதி நரி செத்தால் மீதி நரிகளுக்கு இரண்டு மடங்கு சாப்பாடு, இரண்டு மடங்கு இடம். முன்பைவிட அதிகமான பெண் நரிகள் குட்டி போட்டன. காலியான வளைக்கு அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து இளவட்ட நரிகள் குடிவந்தன, சில சமயம் நோயையும் கூடவே கூட்டிக்கொண்டு. நரி வேட்டை நடத்தியவர்கள், தெரியாமலே நரிகளுக்குக் குடியேற்றத் திட்டம் நடத்தினார்கள்.

இதில் உண்மையாகவே அழிந்தது பேட்ஜர். முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட, மண் தோண்டி வாழும் சாது. அது கஷ்டப்பட்டுத் தோண்டிய வளையில் நரி ஓசியில் ஒட்டுக்குடித்தனம் இருக்கும். வாயு அடித்தபோது நரி மறுவருடமே ஆள்பலம் தேறிக்கொண்டது. மெதுவாக இனம் பெருக்கும் வீட்டுக்காரருக்குத்தான் தலைமுறைக்கும் நஷ்டம்.

கொல்ல முடியாதவனுக்கு ஊசி போடலாம் என்று சிலருக்குத் தோன்றியது. ஆனால் நரி கிளினிக்குக்கு வராது. காலை வைத்ததும் ஊசி குத்தும் பொறி ஒன்றைக்கூட அமெரிக்காவில் முயன்றார்கள். நரியின் சந்தேகபுத்தி ஊரறிந்தது; ஒரு கண்டம் முழுக்க இப்படிக் குத்த எத்தனை பொறி வேண்டும்? கடைசியில் வழி வாயில் திறந்தது. 1971இல் ஜார்ஜ் பேயரும் சகாக்களும் உயிருள்ள, வீரியம் குறைத்த ரேபிஸ் வைரஸை வாய்வழியாகக் கொடுத்தே நரிக்கு எதிர்ப்பாற்றல் வரவைக்கலாம் என்று காட்டினார்கள். ஒரே நிபந்தனை: மருந்து வாய்ச்சவ்விலும் தொண்டையிலும் பட வேண்டும். நேரே வயிற்றுக்குப் போனால் அமிலத்தில் வெந்துவிடும். அதாவது நரி மருந்தை முழுங்கக் கூடாது, மெல்ல வேண்டும்.

பெர்னில் இருந்த ரேபிஸ் மையத்தின் பிரான்ஸ் ஸ்டெக், அலெக்சாண்டர் வாண்டெலர் முதலானோர் முன்னால் இப்போது நின்றது வைராலஜிக் கேள்வியல்ல, சமையல் கேள்வி. நரி எதை விரும்பி மெல்லும்? அறுப்புக்கூடத்தில் கழித்துப்போடும் கோழித்தலை! மலிவு, மணம், கடித்தால் நொறுங்கும். தலையின் தோலுக்கடியில் மருந்துப் பொதியைச் செருகினார்கள். நரி கடிக்க, பொதி உடைய, மருந்து வாயெல்லாம் பரவும். காலங்காலமாகக் கோழியைத் திருடித் தின்றவன் என்று கெட்ட பெயர் வாங்கிய நரிக்கு, டாக்டர் பட்டம் பெற்றவர்கள் உட்கார்ந்து கோழித்தலை தைத்துக் கொடுத்த காட்சியை எந்தக் கதைசொல்லியும் கற்பனை செய்திருக்க மாட்டார்.

பயமும் இருந்தது. காட்டில் உயிருள்ள வைரஸைத் தூவுகிறோம், எலி தின்றால்? பூனை தின்றால்? பல பிராணிகளில் சோதித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். இடம் ரோன் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் ஆல்ப்ஸ், ஏறிக் கடக்க நரிக்கே மூச்சு வாங்கும். ஜெனீவா ஏரிப் பக்கமிருந்து நோய் பள்ளத்தாக்கின் வழியே மேலேறி வந்துகொண்டிருந்தது. அதன் வழியை மறித்துக் குறுக்கே ஆயிரக்கணக்கான கோழித்தலைகள். நோய் வந்தது, அங்கே முட்டியது, நின்றது. துப்பாக்கியால் முடியாததை அறுப்புக்கூடக் கழிவு சாதித்தது.

விருந்து பிடித்திருந்ததா என்று தெரிந்துகொள்வதில்தான் ஒரு சங்கடம். இரையில் டெட்ராசைக்ளின் கலந்திருந்தார்கள். தின்ற நரியின் எலும்பிலும் பல்லிலும் அது படிந்து, புற ஊதா ஒளியில் மஞ்சளாக மினுங்கும். எலும்பைப் பார்க்க நரி வேண்டும். ஆகவே வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொண்டுவந்தார்கள். விருந்தாளியைக் கொன்றுதான் சாப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் கேட்க முடிந்தது. ஹூபர்ட்டின் இரு இலாகாவும் ஒருவழியாகச் சமரசம் கண்டது இங்கேதான்.

பிறகு எல்லாம் வேகம். 1983இல் ஜெர்மனியும் களமிறங்கியது. லட்சக்கணக்கில் கோழித்தலைக்கு எங்கே போவது என்று மீன்மாவும் கொழுப்பும் சேர்த்து இயந்திரத்தில் இரை செய்தார்கள். வானத்திலிருந்து கொட்டினார்கள். 1999இல் சுவிட்சர்லாந்து ரேபிஸ் இல்லாத நாடானது, 2001இல் பிரான்ஸும் பெல்ஜியமும், 2008இல் ஜெர்மனி.

சாகாத நரிகள் பெருகின. சூரிக் நகரத்துக்குள்ளேயே குடிவந்து, குப்பையும் தோட்டத்துப் பழமும் எலியுமாகச் செழித்தன. பிடித்துப் பரிசோதித்தால், குளிர்காலத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட நகர நரிகளின் குடலில் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு. நீளம் சில மில்லிமீட்டர். நரிக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. முட்டை தப்பித்தவறி மனிதன் வாய்க்குப் போனால், ஈரலில் ஐந்திலிருந்து பதினைந்து வருடம் வரை சத்தமில்லாமல் வளரும். சாதாரண ஃபிரீசரில் வைத்தாலும் முட்டை சாகாது. அதனால் நரியை அறுக்கும் ஆய்வாளர்கள் முதலில் அதை மைனஸ் 80 டிகிரியில் நாட்கணக்கில் உறையவைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுகிறார்கள். மனித நோயாளிகளின் எண்ணிக்கையும் நரிகளுக்குப் பின்னாலேயே ஏறியது.

கைவசம் பழகிய வித்தை இருக்கிறதே. சூரிக்கில் குடற்புழு மருந்து வைத்த இரையை மாதாமாதம் தூவினார்கள். தூவிய பேட்டைகளில் புழு குறைந்தது. யார் தின்கிறார்கள் என்று கேமராவும் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் நரிதான். மிச்சத்தை முள்ளெலி, சுண்டெலி, நாய், நத்தை எல்லாம் பங்குபோட்டுக்கொண்டன. நாடாப்புழு பயமே இல்லாத நத்தைகள் வேண்டுமென்றால், அப்போது சூரிக்கில் கிடைத்திருக்கும்.