தீபாவளிக்குள்ள முடிச்சிடலாம் மாமா!

மாப்ளே, வீட்டை உடைக்கப் போறியாமே. தாராளமா உடை. கிள்ளான்ல ஒரு மாடி வரிசை வீடு வாங்கினவன் எவனும் சுத்தியல் எடுக்காம இருந்ததா சரித்திரம் கிடையாது. காண்ட்ரெக்டர் குடுத்த கொட்டேஷனை உன் வீட்டுக்காரி காட்டுச்சு. தானாத் திறக்குற கேட்டு, கேட்டு மேல ரெண்டு சிங்கம், போர்ச்சை நீட்டுறது, ஹால்ல பிளாஸ்டர் சீலிங், அதுக்குள்ள கலர் கலரா லைட்டு, சமையக்கட்டுல கேபினெட்டு. ஒழுகுற கூரையைப் பத்தி ஒரு வரி இல்ல. இருந்தாலும் எனக்கு சந்தோஷம்தான். மழை பேஞ்சா அந்த லைட்டு வெளிச்சத்துல தண்ணி எங்கேருந்து சொட்டுதுன்னு பளிச்சுன்னு தெரியும் பாரு.

ஏன்டா உடைக்கிற, வேற வீடு வாங்கிட்டுப் போயேன்னு நான் கேக்கமாட்டேன். கேக்குறவனுக்கு இந்த ஊர் விலை தெரியாது. வீட்டு விலை குடும்ப வருமானத்துல மூணு வருஷத்துக்கு உள்ள அடங்கினா அது கட்டுப்படியாகுற வீடு. நம்ம நாட்டுல 2014 கணக்குக்கே அது 4.4 வருஷம்னு கசானா ஆய்வுக் கழகம் சொல்லிச்சு. கோலாலம்பூர்ல அதுக்கும் மேல. மலிவு வீட்டுக்கு 1982ல அரசாங்கம் கட்டின விலை 25,000 வெள்ளி. முழு வீடு, சாவியோட. உன் கொட்டேஷன்ல கேபினெட்டும் சீலிங்கும் சேர்ந்தே அதைத் தாண்டி ஓடுது. அப்ப இருக்கிற வீட்டைத்தான் இழுத்து நீட்டணும், வேற வழி இல்ல. தோட்டத்து லயத்துல நாங்களும் நீட்டினவங்கதான். துரை கண்ணுல படாம பின்னால நாலு தகரம் சாத்தினா அதுக்குப் பேரு ரெனவேஷன். டெபாசிட் கேக்க ஆள் இல்லாத காலம்.

சரி, காசுக்கு என்ன வழின்னு கேட்டா சிரிக்கிற. "பெர்சனல் லோன் மாமா, அஞ்சு பெர்சண்டுதான்." அந்த அஞ்சுக்குப் பின்னால ஃபிளாட்டுன்னு ஒரு வார்த்தை ஒளிஞ்சிருக்கே, அதை பேங்க்காரப் பொண்ணு மெதுவாச் சொல்லியிருக்கும். 50,000 வெள்ளி எடுத்து பத்து வருஷத்துக்குக் கட்டுறேன்னு வச்சுக்க. பெர்சனல் லோனுக்கு அதுக்கு மேல கெடு குடுக்கக்கூடாதுன்னு பேங்க் நெகாரா 2013லயே கட்டிப் போட்டாச்சு. வட்டி மட்டும் 25,000. மாசம் 625 வெள்ளி. அசல் கரைஞ்சாலும் முதல் நாள் 50,000-க்கு உண்டான வட்டியத்தான் கடைசி மாசம் வரைக்கும் கட்டுவே. குறையுற பாக்கிக்கு வட்டி போடுற கணக்குல பாத்தா, அஞ்சுன்னு சொன்னது ஒம்பதை நெருங்கி நிக்கும். ஆக கொட்டேஷன்ல இருக்கிற ஒவ்வொரு விலையையும் ஒண்ணரையால பெருக்கிப் படி. சிங்கம் ஒண்ணு 800 வெள்ளியா? இல்ல, 1,200. சிப்போர்டு கேபினெட்டு நம்ம ஊரு ஈரத்துல பத்து வருஷம் நிக்குமான்னு எனக்குச் சந்தேகம். கடன் நிக்கும், அதுல சந்தேகமே வேணாம்.

இ.பி.எஃப்ல கை வைக்கலாம்னு எவனோ ஓதியிருக்கான். வீடு வாங்க, கட்ட, வீட்டுக் கடனைக் குறைக்கத் தருவாங்க. ரெனவேஷனுக்குன்னு தர்றதில்ல. ஆனா 2024 மே மாசத்துல இருந்து ஃபிளெக்சிபல்னு மூணாவது கணக்கு ஒண்ணு வந்திருக்கே, மாசச் சந்தாவுல பத்து பெர்சண்டு அதுல போய் விழும். 50 வெள்ளியிலேருந்து எப்ப வேணா எடுக்கலாம், எதுக்குன்னு கேக்கமாட்டாங்க. எடுத்துக்க. வேலையை விட்டு நின்ன பிறகு பசிச்சா, போர்ச்ல நாற்காலியப் போட்டு சிங்கத்தோட மூஞ்சிய பாத்துக்கிட்டு உக்காரு. அதுவும் வேணாம்னா காசுக் கூட்டு பிடிக்கிற அக்கா இருக்கவே இருக்கு. கூட்டுக்குத் தடைச் சட்டம் 1971லயே வந்தாச்சு. நம்ம சனம் அதைக் கேள்விப்பட இன்னும் கொஞ்சம் காலம் ஆகும் போல. அக்கா ஓடிப்போனா போலீஸ்ல போய் என்னன்னு எழுதிக் குடுப்பே, அதை மட்டும் இப்பவே யோசிச்சு வச்சுக்க.

இந்தக் கோலாலம்பூரும் ஒரு தடவை ரெனவேஷன் பண்ணின ஊருதான். 1881ல தீப்பிடிச்சு எரிஞ்சுது, அதே வருஷம் வெள்ளமும் வந்துச்சு. பலகையும் அத்தாப்புமா இருந்த ஊரை செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டுங்கன்னு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் துரை உத்தரவு போட்டான். அதுக்கு செங்கல் சுட்ட இடம்தான் நம்ம பிரிக்பீல்ட்ஸ். எது எரிஞ்சுதோ, எது இடிஞ்சுதோ அதை முதல்ல மாத்தினாங்க. அடுத்த வீட்டுக்காரன் போர்ச்சை அளந்துட்டு வந்து யாரும் சூளை வைக்கல. நீ அளந்துட்டு வந்தியே, டேப்போட, நான் பாத்தேன்.

அதனால பின்னாலேருந்து வா மாப்ளே. கூரை, வயரு, தண்ணிக் குழாய், பின்சந்துப் பக்கம் சாக்கடை, கரையான். இதெல்லாம் எந்த விருந்தாளியும் பாத்து ஆகான்னு சொல்லமாட்டான், அதான் இதுக்குக் காசு ஒதுக்க உனக்குக் கசக்குது. பழைய வயரை விட்டுட்டு புது ஏர்கோனும் தானாத் திறக்குற கேட்டும் மாட்டுறது, பல்லு போன கிழவி உதட்டுச்சாயம் பூசுற கதை. சமையக்கட்டைத் தொடுறதுக்கு முன்னால 2021 டிசம்பர் வெள்ளத்தை நெனச்சுப் பாரு. தாமான் ஸ்ரீ மூடாவுல தண்ணி வடிஞ்சப்புறம் ரோட்டோரம் குவிஞ்சு கிடந்தது என்ன? ஊறிப்போன கேபினெட்டு, மெத்தை, சோபா. கிள்ளான்லயும் அதே கோலம்தான். தண்ணி ஏறுற தாமான்ல இருக்கிறவன் கீழ்ப்பகுதியை செங்கல் வச்சு டைல்ஸ் ஒட்டலாம், இல்ல அலுமினியம் போடலாம். பிளக்குப் பாயிண்டை மேல ஏத்தலாம். பாக்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு உன் வீட்டுக்காரி சொல்லும். சொல்லட்டும், துடைச்சா போயிடும்.

இப்ப கொட்டேஷனைப் படிக்கிற வித்தை. அதுல இருக்கிறதைப் படிக்காத, இல்லாததைப் படி. கேபினெட்டு அடிக்கு இவ்வளவுன்னு போட்டிருப்பான். மேல் கல்லு, சின்க்கு, ஹூடு, அடுப்பு எல்லாம் வேற. உடைச்ச கல்லை அள்ளிட்டுப் போற தொட்டி வேற. பிளான் வரைய, மாநகராட்சியில அனுமதி வாங்க வேற. வேலை நடக்கிறப்ப நீங்க வெளிய குடியிருக்கிற வாடகை அவன் கணக்குல எப்படி வரும்? கடைசியில ஒரு சுவரை உடைச்சதும் உள்ள கரையான் இருக்கும், அது எவன் கணக்குலயும் வராது. மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கைத் தனியா எடுத்து வை. அது இருக்குன்னு காண்ட்ரெக்டருக்குத் தெரியக்கூடாது. முடிஞ்சா உன் வீட்டுக்காரிக்கும்.

அனுமதி எதுக்கு மாமா, எல்லாரும் அப்படியேதானே நீட்டுறாங்கன்னு கேப்பே. சாலை, வடிகால், கட்டடச் சட்டம்னு 1974லேருந்து ஒண்ணு இருக்கு. எழுத்துல அனுமதி வாங்காம கட்டினதை இடின்னு சொல்ல அதுல இடம் இருக்கு. கிள்ளான் நகராட்சியும் 2024 பிப்ரவரியில அரச மாநகராட்சியா உசந்தாச்சு. அடுத்த வீட்டுக்காரன் போன் எடுக்க ஒரு நிமிஷம் போதும், அதுவும் நீ அவன் போர்ச்சை விட ஒரு அடி கூட நீட்டினா.

காசைக் குடுக்கிற விதத்துலதான் உன் சாமர்த்தியம். சாமான் வாங்கணும், பாதி குடுங்கன்னு கேப்பான். பேசுறப்ப இனிப்பாப் பேசுவான். பத்துல ஒண்ணு குடு, மீதிய வேலை முடிய முடியக் குடு, கடைசிப் பத்துல ஒண்ணை ஒரு பெருமழை பேஞ்சு முடியுற வரைக்கும் பிடிச்சு வை. கட்டுமானத் துறை வாரியம் சி.ஐ.டி.பி.யில பதிஞ்சவனா பாரு. ரசீது வாங்கு. மீறி அவன் பாதியில ஓடிட்டா பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு, அஞ்சு வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம். மூணு வருஷத்துக்குள்ள போகணும். கையில காகிதம் இல்லாம போனா அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கும் உன்னைப் பாத்துப் பரிதாபப்படத்தான் முடியும்.

தீபாவளிக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கானாமே. எல்லார்கிட்டயும் அதே தீபாவளியத்தான் சொல்லியிருப்பான். இப்பவே சொந்தக்காரங்களுக்குப் போனைப் போட்டுச் சொல்லிடு, இந்த வருஷம் நாங்கதான் உங்க வீட்டுக்கு வர்றோம்னு.